கூடாரத்துக்குள் முறுமுறுப்பு, கூடாரவாசலில் முறையீடு

அறுப்பின் பண்டிகைக்கு ஆயத்தமாகும் தென்தமிழ்நாட்டுச் சபையாருக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே,



அறுப்பின் பண்டிகை நெருங்குகிறது. வாழைத்தாரும் தேங்காயும் நாட்டுக்கோழியும் ஆலயத்துக்கு வந்து சேரும். ஆராதனை முடிந்ததும் ஏலம் தொடங்கும். ஒரு பூசணிக்காயைச் சந்தை விலையைவிடப் பல மடங்கு கொடுத்து ஒருவர் எடுப்பார். எடுத்த கையோடு அதை ஆலயத்துக்கே திருப்பிக் கொடுத்து, மறுபடியும் ஏலம் விடச் சொல்வார். பெரிய அடுப்புகள் மூட்டி அசனம் ஆக்குவோம். திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் கன்னியாகுமரியிலும் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இதையெல்லாம் விவரிக்கத் தேவையில்லை. நன்றி சொல்வதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கி, அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் மக்கள் நாம்.

அதே நாளில், அதே ஆலய வளாகத்தில் இன்னொரு பேச்சும் ஓடும் என்பது உங்களுக்கும் தெரியும். ஐயரின் பிரசங்கம் நீண்டுவிட்டது. பாடகர் குழுவில் எப்போதும் ஒரே குடும்பத்துக்குத்தான் இடம். கமிட்டி கணக்கைச் சரியாகக் காட்டுவதில்லை. கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குக் கறி கிடைக்கவில்லை. வீடு திரும்பும் வழியில் இந்தப் பேச்சு மழைக்கும் சம்பளத்துக்கும் மருமகளுக்கும் மாமியாருக்கும் நீளும். காலையில் பாடிய ஸ்தோத்திரப் பாட்டு மாலைக்குள் எங்கேயோ போய்விடும்.

இந்தப் பேச்சைப் பற்றித்தான் எழுதுகிறேன். பண்டிகைக்கு முன் ஒரு காரியத்தை உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன். முறுமுறுப்பை எப்படி மேற்கொள்வது? "குறை சொல்லாதீர்கள், ஸ்தோத்திரம் சொல்லுங்கள்" என்ற அறிவுரையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அது போதவில்லை. வேதாகமம் தரும் வழி அதைவிட ஆழமானது, அதைவிட நியாயமானது.

எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்குவோம். இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் புறப்பட்டு இரண்டாம் ஆண்டு நடக்கிறது. இரவுதோறும் பாளயத்தின்மேல் மன்னா இறங்குகிறது. ஆனாலும் ஜனங்கள் அழுகிறார்கள். எகிப்தில் செலவில்லாமல் சாப்பிட்ட மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், கீரை, வெங்காயம், வெள்ளைப்பூண்டு என்று ஒவ்வொன்றாக எண்ணி எண்ணி ஏங்குகிறார்கள்.

அந்தப் பட்டியலில் பொய் எதுவும் இல்லை. நைல் நதி நாட்டில் இவையெல்லாம் விளைந்தன, அவர்களும் சாப்பிட்டிருப்பார்கள். ஆனால் பட்டியலில் விட்டுப்போனவற்றைப் பாருங்கள். செங்கல் அறுத்த வேலை அதில் இல்லை. வைக்கோலைத் தராமலே பழைய கணக்கின்படி செங்கல் கேட்டு அடித்த ஆளோட்டிகள் இல்லை. ஆற்றில் எறியப்பட்ட ஆண் குழந்தைகள் இல்லை. அவர்கள் மீன் சாப்பிட்ட நதியும், அவர்களுடைய பிள்ளைகளை விழுங்கிய நதியும் ஒன்றே. நாக்கு ருசியை நினைவில் வைத்திருந்தது. முதுகு தான் வாங்கிய அடியை மறந்துபோனது.

முறுமுறுப்பின் வேர் இங்கே இருக்கிறது என்று நம்புகிறேன். முறுமுறுப்பு பெரும்பாலும் பாதி நினைவு. நேற்றைய துன்பத்தை மறந்து நேற்றைய சுகத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். இன்றைய இரக்கத்தை மறந்து இன்றைய குறையை மட்டும் வைத்துக்கொள்ளும். மன்னாவை அரைத்தும் இடித்தும் சமைத்து அப்பம் சுட்டதாகவும், அதில் புது எண்ணெயின் ருசி இருந்ததாகவும் அதே அதிகாரம் சொல்கிறது. எழுதியவர் அந்த ருசியைக் குறித்துவைக்கத் தவறவில்லை. சாப்பிட்டவர்கள்தான் அதை மறந்தார்கள்.

நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுத்தோம். சபையே முழங்காலில் நின்றது. வேலை கிடைத்தது. ஒரு ஞாயிறு ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தோம். அடுத்த மாதமே அந்த வேலையின் தூரமும் சம்பளமும் அதிகாரியின் குணமும் நம் பேச்சாகிவிட்டன. தூரமும் சம்பளமும் உண்மைப் பிரச்சினைகள்தான். ஆனால் வேலைக்காக ஜெபித்த மாதங்கள் நம் நினைவை விட்டே அகன்றுவிட்டதால், அந்தப் பிரச்சினைகள் முழு வானத்தையும் மறைக்கின்றன. சபையிலும் அப்படித்தான். "அந்தக் காலத்து ஐயர்" எல்லாரும் பரிசுத்தவான்கள். இப்போது இருப்பவரிடம் குறை மட்டுமே. அந்தக் காலத்து ஐயர் இருந்தபோது அவரைப் பற்றி நாம் என்ன பேசினோம் என்பதையும் மறந்துவிட்டோம்.

முறுமுறுப்புக்கு இன்னொரு அடையாளம், அது பேசப்படும் இடம். இஸ்ரவேலர் தங்கள் கூடாரங்களுக்குள் முறுமுறுத்தார்கள் என்று உபாகமம் 1-ஆம் அதிகாரமும் 106-ஆம் சங்கீதமும் குறிப்பிடுகின்றன. கூடாரத்துக்குள் மோசே இல்லை. அங்கே எதையும் மாற்றக்கூடியவர் ஒருவரும் இல்லை. கர்த்தரை நோக்கியும் அவர்கள் பேசவில்லை. அவரைப் பற்றிப் பேசினார்கள். அவர் தங்களை வெறுத்ததால்தான் எகிப்திலிருந்து வெளியே கொண்டுவந்தார் என்று முடிவும் கட்டினார்கள். விடுதலையே பகையின் அடையாளமாகிவிட்டது.

கூடாரப் பேச்சு எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை எண்ணாகமம் 13, 14 அதிகாரங்கள் காட்டுகின்றன. தேசத்தை வேவுபார்க்கப் போனவர்கள் 12 பேர். அவர்களில் 10 பேர் பயத்தை ஊதிப் பெரிதாக்கினார்கள். அன்று இராத்திரி சபை முழுவதும் அழுதது. காலேபும் யோசுவாவும் நம்பிக்கையோடு சொன்னதைக் கேட்கக்கூட ஆளில்லை. அந்த இராத்திரியின் விலை வனாந்தரத்தில் 40 ஆண்டுகள். இன்று நம் கூடாரங்கள் ஆலய வாசலிலும் ஊர் திரும்பும் வேனிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இருக்கின்றன. அங்கே பேசப்படும் குறை சரியானதாகவே இருந்தாலும் ஒரு கறிக்குண்டானைக்கூட நிரப்பாது. கேட்டவருடைய மனதில் பாரத்தை ஏற்றும். பேசப்பட்டவரை ஒரு மனிதராகப் பார்க்க முடியாமல் செய்யும். அருகே நிற்கும் பிள்ளைகளுக்குச் சபை என்றால் குறைபேசும் இடம் என்று கற்றுக்கொடுக்கும்.

இனி நான் சொல்லப்போவதை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டுகிறேன். இது விட்டுப்போனால் நன்றியைப் பற்றிய பிரசங்கமே அநீதியாகிவிடும்.

முறுமுறுத்தவர்களைக் கடிந்துகொண்ட அதே எண்ணாகமத்தின் 27-ஆம் அதிகாரத்தில் ஐந்து சகோதரிகள் வருகிறார்கள். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். செலொப்பியாத்தின் மகள்கள். தகப்பன் இறந்துவிட்டார், ஆண்மகன் இல்லை. அந்தக் குடும்பத்துக்குத் தேசத்தில் பங்கு இல்லாமல் போகும் நிலை. அவர்கள் இதைக் கூடாரத்துக்குள் பேசிக்கொண்டிருக்கவில்லை. ஆசரிப்புக் கூடாரவாசலுக்கு வந்தார்கள். மோசே, ஆசாரியன் எலெயாசார், பிரபுக்கள், சபை அனைத்தும் கூடியிருக்க, எழுந்து நின்று நியாயம் கேட்டார்கள். மோசே அந்த வழக்கைக் கர்த்தரிடம் கொண்டுபோனார். அவர்கள் கேட்பது சரி என்று கர்த்தர் தீர்ப்புச் சொன்னார். அவர்களுக்காகச் சட்டமே வந்தது.

இந்தச் சகோதரிகளிடம் என்னை வியக்கவைப்பது ஒன்று உண்டு. அவர்கள் பங்கு கேட்டபோது அந்தத் தேசம் இன்னும் கைக்கு வரவில்லை. யோர்தானைக் கடக்கவில்லை. முந்தின தலைமுறை அந்தத் தேசம் கிடைக்கவே கிடைக்காது என்று அழுது செத்தது. இவர்களோ அது கிடைக்கும் என்று உறுதியாக நம்பியதால், அதில் தங்கள் தகப்பனுடைய பெயருக்குரிய பங்கைக் கேட்டு நின்றார்கள். வாக்குத்தத்தத்துக்கு நன்றியுள்ள மனம் வாயை மூடிக்கொள்வதில்லை. கொடுக்கிறவர் நல்லவர் என்று தெரிந்ததால்தான் துணிந்து கேட்கிறது.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் 1916-இல் வந்தது. தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் மகனுடைய பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த மேரி ராய் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போனார். 1986-இல் தீர்ப்பு வந்தது. மகளுக்கும் சம பங்கு கிடைத்தது. செலொப்பியாத்தின் மகள்களுடைய கதையை ஞாயிறு பள்ளியில் கற்றுக்கொடுத்த சமூகத்தில், ஒரு பெண் அதே கேள்வியோடு எழுந்து நிற்க அத்தனை ஆண்டுகள் ஆயின.

ஆதிச் சபையையும் பாருங்கள். அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில், தினசரிப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் "நன்றியுள்ளவர்களாயிருங்கள்" என்று பிரசங்கம் செய்து அனுப்பிவிடவில்லை. சபையைக் கூட்டினார்கள். ஏழுபேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்ற ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். அதாவது, பாதிக்கப்பட்ட பகுதியைச் சேர்ந்தவர்கள் என்று பெயரிலேயே தெரியும்படியான ஆட்களின் கையில் பந்தியின் பொறுப்பு கொடுக்கப்பட்டது. கூடாரப் பேச்சு சபைக்கூட்டத்துக்கு வந்தது, வந்ததும் தீர்ந்தது. அதன்பின் சபை பெருகியது என்று அந்த அதிகாரம் சொல்கிறது.

பவுலின் வாழ்க்கையிலும் நன்றியும் முறையீடும் ஒரே இரவின் இரு முனைகளில் நிற்கின்றன. பிலிப்பி பட்டணத்துச் சிறையில், அடிபட்ட காயங்களோடும் தொழுமரத்தில் மாட்டிய கால்களோடும், நள்ளிரவில் பவுலும் சீலாவும் துதித்துப் பாடினார்கள். இதை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். விடிந்தபின் நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. அதிகாரிகள் இருவரையும் சத்தமில்லாமல் வெளியே அனுப்பிவிடப் பார்த்தார்கள். பவுல் மறுத்துவிட்டார். ரோமக் குடியுரிமை உள்ளவர்களை விசாரணை இல்லாமல் வெளியரங்கமாக அடித்தவர்கள், தாங்களே வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்றார். அவர்களும் வந்து கெஞ்சிக் கேட்டார்கள். இரவில் துதி, காலையில் நியாயம். பின்னாளில் முறுமுறுப்பில்லாமல் எல்லாவற்றையும் செய்யும்படி அதே பட்டணத்துச் சபைக்குக் கடிதம் எழுதியவர் இந்தப் பவுல்தான். அந்த அறிவுரையை நியாயம் கேட்காதே என்ற கட்டளையாக வாசித்தால், எழுதியவரையே மறுதலிக்கிறோம்.

ஆகையால் நன்றியைப் பிறர் வாயை அடைக்கும் துணியாக நாம் பயன்படுத்தக் கூடாது. வீட்டில் அடிவாங்கும் பெண்ணிடம், கிடைத்த வாழ்க்கைக்கு ஸ்தோத்திரம் சொல்லு என்று சொல்லாதீர்கள். சாதியின் பெயரால் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சுவர் எழுப்பப்பட்ட சபைகள் நம் மண்ணில் உண்டு. அந்தச் சுவருக்கு அப்பால் தள்ளப்பட்டவர்களிடம், சபையில் ஒற்றுமை முக்கியம், குறை பேசாதீர்கள் என்று சொல்லாதீர்கள். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியல் சாதி உரிமையை இழந்த தலித் கிறிஸ்தவர்கள் இன்றுவரை அதைக் கேட்டு நிற்கிறார்கள். அவர்களுடைய குரல் வனாந்தரத்து முறுமுறுப்பைச் சேர்ந்ததில்லை. அது ஐந்து சகோதரிகளின் குரலைச் சேர்ந்தது.

கமிட்டியிலும் பொறுப்புகளிலும் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று அழைக்கும் புனித பெனடிக்ட், ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் துறவிகளுக்கு ஓர் ஒழுங்குநூல் எழுதினார். முறுமுறுப்பை அவர் அளவுக்குக் கண்டித்தவர்கள் குறைவு. அந்த நூலில் திரும்பத் திரும்ப அதை எச்சரிக்கிறார். ஆனால் சமையலறை முறைக்காரர்களைப் பற்றிய 35-ஆம் அதிகாரத்தில் அவர் செய்யும் ஏற்பாட்டைப் பாருங்கள். பரிமாறுகிறவர்களுக்குச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே, வழக்கமான பங்குக்கு மேல் கொஞ்சம் அப்பமும் பானமும் கொடுத்துவிட வேண்டும் என்கிறார். ஏன்? பசியோடு நின்று பரிமாறினால் முறுமுறுப்பு வரும். பசியாறினால் மனமுவந்து பரிமாறுவார்கள். முறுமுறுக்காதே என்று கட்டளையிட்டவரே அதற்கான காரணத்தையும் நீக்கினார். நம் அசனத்தில் விடியுமுன் எழுந்து வெங்காயம் உரித்தவர்களும், பந்திக்குப் பந்தி பரிமாறியவர்களும், எச்சிலை எடுத்தவர்களும் கடைசியில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்கும் கமிட்டி, பாதி முறுமுறுப்பை அன்றைக்கே தீர்த்துவிடும்.

நோயிலும் இழப்பிலும் இருப்பவர்களே, உங்களை மறந்து இந்த மடலை எழுத முடியாது. "எல்லாவற்றிலும் நன்றி" என்ற பேச்சு உங்கள் காதில் எப்படி விழும் என்பதை எண்ணிப் பார்க்கிறேன். ஆமி கார்மைக்கேல் அம்மையார் 1895-இல் இந்தியாவுக்கு வந்து, டோனாவூரில் ஏராளமான பிள்ளைகளுக்கு வாழ்வு தந்தவர். 1931-இல் கீழே விழுந்து காயப்பட்டார். அதன்பின் 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தம் அறையிலும் படுக்கையிலுமே பெரும்பாலும் கழித்தார். நோயாளிகளுக்காக அவர் எழுதிய ஒரு புத்தகம் 1933-இல் வெளிவந்தது. சுகமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் பல நேரம் அவர்களைக் களைப்படையச் செய்கிறது என்பதை உணர்ந்து, நோயாளி நோயாளிக்கு எழுதும் கடிதங்களாக அதை அமைத்தார். அந்த நிதானத்தை நாம் கற்க வேண்டும். வலியில் இருப்பவருக்கு நன்றியைப் பாடமாக நடத்தச் சுகமாயிருப்பவருக்கு உரிமை குறைவு. அவர் அருகே உட்கார்ந்து, அவருக்காக நாம் நன்றி சொல்லலாம். அவருடைய அழுகையையும் நம் ஜெபத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

அழுவதற்கு வேதாகமமே இடம் தந்திருக்கிறது. எதுவரைக்கும் என்று 13-ஆம் சங்கீதம் நான்கு முறை கேட்கிறது; கேட்டபின் ஆறே வசனங்களுக்குள் பாட்டுக்கு வந்துவிடுகிறது. 88-ஆம் சங்கீதம் பாட்டுக்கு வரவே இல்லை, இருளிலேயே முடிகிறது. ஆனாலும் அது வேதாகமத்தில் இருக்கிறது, ஆலயத்தில் வாசிக்கப்படுகிறது. கர்த்தருடைய முகத்தை நோக்கிச் சொல்லப்பட்டதால் அது ஜெபம். உங்கள் சங்கீதம் இப்போது 88 என்றால் அதையே ஜெபியுங்கள். நன்றிக்கு வார்த்தை வராத நாளில், அவரிடமே போய் அழுகிறீர்களே, அதுவே அவர் கேட்கிறார் என்ற நம்பிக்கையின் அறிக்கை.

அப்படியானால் நன்றி என்பது என்ன? முறுமுறுப்பு பாதி நினைவு என்றால், நன்றி முழு நினைவு. உபாகமம் 26-ஆம் அதிகாரத்தில் அறுப்பின் பண்டிகைக்கு வேதாகமம் தரும் முறைமையைப் பாருங்கள். முதற்பலனைக் கூடையில் வைத்து ஆசாரியனிடம் கொண்டுவருகிறவன், அந்த ஆண்டின் மழையையும் விளைச்சலையும் மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. ஊர் ஊராக அலைந்த தன் முற்பிதாவிலிருந்து தொடங்க வேண்டும். எகிப்தின் அடிமைத்தனம், ஒடுக்கம், கூக்குரல், கர்த்தர் கேட்டது, வெளியே கொண்டுவந்தது, இந்த நிலம், இந்தக் கூடை. கசப்பை ஒளிக்காத நன்றி இது. எண்ணாகமம் 11-இல் செங்கல் சூளையை மறந்தவர்களின் பிள்ளைகளுக்கு, வருடந்தோறும் அதை வாய்விட்டுச் சொல்லக் கற்றுக்கொடுத்தார் கர்த்தர். சொன்னபின் அவன் தனியே சாப்பிடக் கூடாது. நிலமில்லாத லேவியனோடும் தன்னிடத்தில் தங்கியிருக்கும் அந்நியனோடும் சேர்ந்து சந்தோஷப்பட வேண்டும். நம் அசனத்தின் வேர் அங்கே இருக்கிறது. கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வடமாநிலங்களிலிருந்து வந்து நம் ஊரில் தங்கியிருக்கும் பிள்ளைகள் நம் பந்தியில் உட்கார்ந்தால், அன்றைக்கு உபாகமம் 26 நம் ஊரில் நிறைவேறும்.

முழு நினைவு பெயர்களையும் மறக்காது. ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் வரிசையாகப் பெயர் சொல்கிறார். பலருக்கு உதவிய பெபேயாள். பவுலின் உயிருக்காகத் தங்கள் கழுத்தையே கொடுத்த பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும். பல பெயர்களோடு அவர்கள் செய்த காரியமும் இருக்கிறது. நம்மில் பலர் ஆயிரம் ஸ்தோத்திரங்கள் அடங்கிய சிறு புத்தகத்தை வைத்து ஜெபிக்கிறோம். அதை வாசித்துப் பலன் பெற்ற தாய்மார் நம் சபைகளில் நிறைய உண்டு, விட்டுவிடாதீர்கள். அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயிரத்து ஒன்றாவது ஸ்தோத்திரம், இன்று உங்களுக்கு நடந்த ஒரு காரியமாகவும், அதைச் செய்த ஒரு மனிதரின் பெயராகவும் இருக்கட்டும். இயேசுவை நோக்கிக் கூப்பிட்ட பத்துக் குஷ்டரோகிகளும் சுகம் பெற்றார்கள். ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். அவன் சமாரியன். மற்ற ஒன்பது பேரும் மனதுக்குள் நன்றியோடு இருந்திருக்கலாம். அவனோ வந்த வழியே திரும்பி நடந்தான். நன்றிக்குக் கால்கள் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இரவில் நம் ஆண்டவர் அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணினார். காட்டிக்கொடுப்பவன் யார் என்று அவருக்குத் தெரியும். மறுதலிக்கப்போகிறவனும் பந்தியில் இருந்தான். அவர் எதையும் மறைக்கவில்லை. உங்களில் ஒருவன் என்று வெளிப்படையாகச் சொன்னார். சிறிது நேரத்தில் கெத்செமனேயில் பாத்திரம் நீங்கும்படி வேண்டியும் ஜெபித்தார். நடுவில் அப்பத்துக்காக நன்றி சொன்னார். திருவிருந்தில் நாம் கைநீட்டி வாங்குவது அந்த நன்றியின் அப்பத்தை. அதை வாங்கிய கையோடு வாசலில் நின்று ஒருவரைப் பற்றி ஒருவர் பேசுவது நமக்குத் தகுமா?

ஆகவே இந்தப் பண்டிகைக் காலத்தில் சில காரியங்களை உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

குறை ஒன்று மனதில் எழுந்தால், மூன்றாவது ஆளிடம் சொல்வதற்குமுன் இரண்டு இடங்களுக்கு அதைக் கொண்டுபோங்கள். முதலில் ஜெபத்தில் கர்த்தரிடம்; பிறகு, அதைச் சரிசெய்யக் கூடியவரிடம் நேராக, அன்போடு, முகத்தைப் பார்த்து. தனியாகப் போகப் பயமாக இருந்தால், ஐந்து சகோதரிகளைப் போலச் சேர்ந்து போங்கள். இந்த இரண்டு இடங்களுக்கும் கொண்டுபோக முடியாத குறை என்றால், அதைப் பேசத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள்.

கமிட்டியாரே, முறையீட்டுக்கு ஒரு வாசலைத் திறந்து வையுங்கள். கணக்கை வாசித்துக் காட்டுங்கள். கேள்வி கேட்கிறவரைக் கலகக்காரர் என்று பார்க்காதீர்கள். கூடாரவாசல் மூடியிருந்தால் ஜனங்கள் கூடாரத்துக்குள்தான் பேசுவார்கள். ஒவ்வொரு கூட்டத்தையும், கடந்த மாதம் சபைக்காக உழைத்த ஒருவரின் பெயரைச் சொல்லி நன்றியோடு தொடங்குங்கள். ஆலய மணி அடிப்பவர், தரை கூட்டுகிறவர், ஒலிபெருக்கி கட்டுகிற தம்பி ஆகியோரின் பெயர்கள் அந்தக் குறிப்பேட்டில் ஏறட்டும்.

பெற்றோரே, ஆலயத்திலிருந்து திரும்பும் வழியில் பிள்ளைகளுக்கு முன்பாக இன்று பெற்ற ஒரு நன்மையைச் சொல்லுங்கள். குடும்ப ஜெபத்தில் குடும்பத்தின் கதையையும் சொல்லுங்கள். தாத்தா பனையேறியது, பாட்டி தீப்பெட்டி ஒட்டியது, கடன் வாங்கிப் படிக்கவைத்தது, யார் உதவினார்கள், யார் கைவிட்டார்கள் என எல்லாவற்றையும் சொல்லுங்கள். கஷ்டத்தை மறைத்து வளர்த்தால் பிள்ளைகளுக்கு மன்னாவின் ருசி தெரியாது.

சமையலறையில் இருக்கும் எல்லாரும், ஆண்களும்கூட, கைப்பிடி அரிசி வழக்கத்தைத் திரும்ப எடுங்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடியை ஊழியத்துக்கென்று எடுத்துவைத்த பாட்டிமார் நம் சபைகளைத் தாங்கினார்கள். மிசோரம் சபைகள் 1910 முதல் இந்த வழக்கத்தைக் காத்து, அதைக்கொண்டு மிஷனரிகளை அனுப்பிவருகின்றன. வருடத்துக்கு ஒருமுறை வரும் பண்டிகையை அது தினந்தோறும் அடுப்படிக்குக் கொண்டுவருகிறது. அரிசி குறைவான நாளிலும் அந்தக் கை பானைக்குள் போகும், கொடுத்தவரை நினைக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையோடு இரண்டு காரியங்களைக் கொண்டுவாருங்கள். யாருக்கு நன்றி சொல்லாமல் விட்டோமோ அவருடைய பெயர் ஒன்று. அவரை அன்றைக்கே தேடிப்போய்ச் சொல்லுங்கள். இதுவரை வாசலில் நின்று பேசிவந்த குறைகளில், உண்மையிலேயே நியாயமான ஒன்று. அதைச் சபைக்கூட்டத்தில் எழுந்து நின்று, மரியாதையோடும் நம்பிக்கையோடும் வையுங்கள். கர்த்தர் செய்ததை முழுமையாக நினைவில் வைத்திருக்கும் சபை, இன்னும் செய்யவேண்டியதைப் பயமில்லாமல் கேட்கும். நம் பிள்ளைகள் இந்த இரண்டையும் நம்மிடமிருந்து ஒன்றாகக் கற்றுக்கொள்ளட்டும்.

ஒடுக்கப்பட்டவர்களின் கூக்குரலைக் கேட்டவரும், வனாந்தரத்தில் நம்மைப் போஷித்தவருமான கர்த்தர் உங்கள் வீடுகளையும் வயல்களையும் கைகளின் பிரயாசத்தையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சபைச் சகோதரி ஒருத்தி